தட்டில் இல்லாத சுத்தியல்

1

நான் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடம் நிறைந்த அன்று காலைத் தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று திருகோணமலையில் இருந்து தங்கச்சி எழுதிய நீல வான்கடிதம். மற்றையது இங்குள்ள கல்விக் கந்தோரில் இருந்து. தங்கச்சியின் கடிதத்தில் வழக்கமான விசயங்கள்: சல்லி முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனது, சைக்கிளில் வரும் மீன்காரன் இப்போது நேரத்துக்கு வருவதில்லை என்பது, நான் மெலிந்துவிட்டேனா என்ற விசாரணை. பத்து வருடமாக நான் மெலிந்துகொண்டே இருப்பதாக அவள் நம்புகிறாள். உண்மையில் போன வருடம் இரண்டு காற்சட்டைகளை இடுப்பில் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது.

கல்விக் கந்தோரின் கடிதம் என் மகள் மாதங்கியைப் பற்றியது. அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓர் உளவியல் சோதனை வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டில் இருபது பொருட்களை வைத்து, ஒரு நிமிடம் பார்க்கவிட்டு, துணியால் மூடிவிட்டு, என்னென்ன இருந்தன என்று கேட்பது. மாதங்கி பதினாறு பொருட்களைச் சரியாகச் சொன்னாளாம். அதற்குப் பிறகு கடிதம் இப்படிப் போனது: "மேலும், தட்டில் இல்லாத சுத்தியல் ஒன்று இருந்ததாக உங்கள் மகள் கூறினாள். மூன்று தடவை கேட்டும் கூற்றை மாற்றவில்லை. சோதனைக் கைநூலின்படி இது கண்டதையும் காணாததையும் பிரித்தறியும் ஆற்றல் குறைவு என்பதன் அறிகுறியாகும். ஆகவே அடுத்த தவணையில் இருந்து அவளை விசேட பள்ளிக்கூடத்துக்கு மாற்றப் பரிந்துரைக்கிறோம். ஆட்சேபனை இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்."

விசேட பள்ளிக்கூடம் என்றால் என்னவென்று இந்த ஊரில் எங்களைப் போல வந்து குடியேறிய எல்லோருக்கும் தெரியும். பெயரில்தான் விசேடம். அங்கே கூடை முடையப் பழக்குவார்கள். அங்கே போன பிள்ளை திரும்பி வந்து ஒரு சோதனை எழுதியதாக நான் கேள்விப்படவில்லை.

சுத்தியல் என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கடிதத்தை முதலில் இருந்து இன்னொரு தடவை வாசித்தேன். அந்தச் சுத்தியலை எனக்குத் தெரியும். அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த இருவரில் நான் ஒருவன்.

மனைவி ரஞ்சிதம் ஆசுப்பத்திரி வேலை முடிந்து வந்து, தாதிச் சீருடையைக்கூட மாற்றாமல் நின்றபடியே கடிதத்தை வாசித்தாள்.

"என்ன சுத்தியல்? எங்கட வீட்டில சுத்தியலே இல்லையே. போன மாசம் படம் கொழுவ ஆணி அடிக்கேக்க சப்பாத்தாலதானே அடிச்சனீங்கள்?"

"இது வேற சுத்தியல்" என்றேன்.

2

அறுபதுகளின் பின்பாதியில் நான் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தேன். கப்பலில் ஏறும் தேயிலைப் பெட்டிகளை எண்ணுவது வேலை. கப்பல் வராத நாட்களில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் தபால் மூலம் புள்ளிவிபரவியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில்தான் இங்கிலாந்தில் இருந்து உளவியல் ஆராய்ச்சிக்காக ஒருவர் வந்து இறங்கினார். வாயில் எப்போதும் சுங்கான் என்கிற புகைக்குழாய் புகைந்துகொண்டிருந்ததால் ஊரில் அவருக்குச் சுங்கான் துரை என்று பெயர் விழுந்தது. அப்போது அவர் பேராசிரியர் இல்லை. மொழிபெயர்க்கவும் எண்ணவும் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார். இரண்டும் தெரிந்தவன் என்று என்னை இரவல் கொடுத்தார்கள்.

அவருடைய பெட்டியில் அந்தத் தட்டு இருந்தது. கத்தரிக்கோல், சீப்பு, பூட்டு, மெழுகுதிரி, தேக்கரண்டி என்று இருபது சாமான்கள். இருபதாவது, சுங்கானுக்குள் விட்டுத் துப்புரவாக்கும் பஞ்சு சுற்றிய கம்பி. மீனவர் இருபது பேர், வியாபாரிகள் இருபது பேர், நெல் விவசாயிகள் இருபது பேர் என்று அறுபது பேரைச் சோதிப்பது அவருடைய திட்டம். சல்லி, கிண்ணியா, கிளிவெட்டி என்று மூன்று இடங்களை நான்தான் சொன்னேன்.

"ஏன் அறுபது?" என்று கேட்டேன். தபாலில் படித்த பாடத்தில் ஆட்களின் தொகையை எப்படித் தீர்மானிப்பது என்று ஒரு அத்தியாயம் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ள ஆசை.

"அறுபது படிவங்கள்தான் கொண்டுவந்தேன்" என்றார். அந்தப் பதிலில் இருந்த நேர்மை அவரிடம் பிற்காலத்தில் குறைந்துவிட்டது.

சல்லியில் கரைவலை இழுத்து முடிந்த நேரமாகப் போனோம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் ஒருவர் வந்து கேள்வி கேட்டால் யாரும் தனியாகப் பதில் சொல்வதில்லை. சொன்னால், "எங்களைக் கேளாமல் என்னத்தைச் சொல்லிவிட்டனீ?" என்று பிறகு வரும். முதலாவதாக இருந்த மீனவர் தட்டைப் பார்த்தார். துணி மூடியதும் திரும்பி, "அத்தான், பூட்டுக்குப் பக்கத்தில கிடந்தது சீப்போ?" என்று கேட்டார். துரை பதறிப்போய் ஒரு கட்டில் விரிப்பை மரத்தில் கட்டி மறைத்தார். விரிப்புக்கு அந்தப் பக்கம் இருந்து அத்தான் விடையைச் சத்தமாகச் சொன்னார். பத்தாவது ஆள் வரும்போது தட்டைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கருவாட்டுப் பாயடியில் நின்ற பெண்பிள்ளைகள்கூட இருபதையும் பாட்டுப் போலச் சொன்னார்கள். அந்தக் கம்பிக்கு மாத்திரம் யாருக்கும் பெயர் தெரியாது. "அந்தச் சாமான்" என்று கையால் காட்டினார்கள்.

துரை அறுபது படிவங்களில் இருபதை நிரப்பினார். "அபாரமான ஞாபகசக்தி" என்று ஓரத்தில் எழுதினார்.

அடுத்த நாள் கிண்ணியாவுக்குப் போகப் பாதையில் ஏறினோம். பாதை என்றால் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரைக்கு இழுத்துக்கொண்டு போகும் தட்டையான பெரிய தோணி. அதில் ஹனீபா காக்கா நின்றார். கிண்ணியாவில் நெல் வியாபாரம் செய்பவர். துறைமுகத்தில் எனக்குப் பழக்கம்.

"தம்பி, இதுதானா அந்தத் தட்டுக்காரத் துரை?" என்று கேட்டார். "சல்லி மீன்காரன் சந்தையில சொல்லிப்போட்டான். நான் இருவதையும் சொல்லுறன், நீங்க எண்ணுங்க."

விரல்களை மடித்துக்கொண்டே சொல்லிவந்தார். பத்தொன்பதுக்குப் பிறகு நின்றுவிட்டார். யோசித்தார். அந்த நேரம் பாதையின் பலகை ஒன்று கழன்று, தோணிக்காரர் குந்தியிருந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். காக்கா அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஆ, சுத்தியல்!" என்றார். "அல்லாஹ் மேல ஆணை, சுத்தியல்தான். இருவது சரி."

நான் சிரித்தேன். துரை புகைவிட்டுக்கொண்டு கடலைப் பார்த்தார். கிண்ணியாவில் தட்டை நேரிலே பார்த்தவர்கள், காக்கா உட்பட, சுத்தியல் இல்லையென்று கண்டுகொண்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, பாதையால் இறங்கிய கையோடு, காக்காவின் ஆள் ஒருவர் நெல் விசயமாகக் கிளிவெட்டிக்குப் புறப்பட்டுவிட்டார். சுத்தியலும் அவரோடு போய்விட்டது. காக்கா அவரிடம் பட்டியலைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் கிளிவெட்டிக்குப் போனோம். இருபது விவசாயிகளும் ஒருவர் பின் ஒருவராக விரிப்புக்குள் வந்தார்கள். தட்டைப் பார்த்தார்கள். பதினைந்து, பதினாறு சாமான்களைச் சொன்னார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் "சுத்தியல்" என்றார்கள்.

ஏழாவது ஆளிடம் நான் மெல்லக் கேட்டேன், "தட்டில சுத்தியல் இருந்ததோ, அண்ணை?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இல்லைத்தான் தம்பி. ஆனா ஹனீபா காக்கா பொய் சொல்ல மாட்டார். துரை வாற வழியில எங்கையோ விழுத்திப்போட்டார் போல. அவ்வளவு தூரத்தில இருந்து வந்த மனிசன், முகத்துக்கு நேர அதைச் சொல்ல ஏலுமோ? நாங்கள் எல்லாரும் கதைச்சுத்தான் இப்பிடிச் சொல்லுறம்."

துரை என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"சுத்தியல் என்கிறார்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் ஆகச் சுருக்கமானது அதுதான். திரும்பி வரும் வழியில் துரைக்குக் கால் நிலத்தில் படவில்லை. "இருபது பேர்! ஒருவர் தவறாமல்! இல்லாத பொருளைக் கண்டிருக்கிறார்கள். இது தற்செயலாக நடப்பதற்கு வாய்ப்பு கோடியில் ஒன்றுகூட இல்லை" என்றார்.

"ஐயா, அந்த இருபது பேரும்..." என்று தொடங்கினேன்.

"ஆம், இருபது!" என்றார்.

நான் நிறுத்திக்கொண்டேன். இங்கிலாந்தில் எனக்கொரு வேலை பார்ப்பதாக அவர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

3

அந்த இருபது படிவங்களால் அவர் பேராசிரியர் ஆனார். "கிளிவெட்டி விளைவு" என்று ஒன்று பாடப்புத்தகங்களில் ஏறியது. கிளிவெட்டியில் யாருக்கும் இது தெரியாது. சொன்னபடியே அவர் என்னைக் கூப்பிட்டார், தன்னுடைய பிரிவிலேயே கணக்குப் பார்க்கும் வேலை தந்தார். முதல் குளிர்காலத்தில் தன்னுடைய பழைய மேலங்கி ஒன்றையும் தந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவரைக் குறை சொல்வது எனக்கு முடியாத காரியமாக இருந்தது. மேலங்கி கிழிந்த பிறகும் முடியவில்லை.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், "அங்கே என்னதான் எண்ணுகிறாய்?" என்று தங்கச்சி பத்து வருடமாகக் கேட்கிறாள். ஆராய்ச்சி செய்பவர் எத்தனை பேரைச் சோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் வேலை. அதற்கு மூன்று கேள்விகள். எவ்வளவு சிறிய வேறுபாட்டைக் காண விரும்புகிறீர்கள்? இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிடுவதற்கு எவ்வளவு பயப்படுகிறீர்கள்? இருப்பதைத் தவறவிடுவதற்கு எவ்வளவு பயப்படுகிறீர்கள்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தடித்த அட்டவணைப் புத்தகம் ஒன்றைப் புரட்டித் தொகையைச் சொல்வேன். தொகையைக் கேட்டதும் எல்லோருக்கும் முகம் கறுக்கும். பிறகு தங்களிடம் ஏற்கனவே இருக்கும் தொகையைச் சொல்லி, அதுவே போதும் என்று எழுதித்தரச் சொல்வார்கள். ஒருவர் முப்பது பேரை எடுத்தார். அவருடைய அறையில் முப்பது கதிரைகள் இருந்தன.

இவர்கள் முதல் பயத்துக்குத்தான் காவல் போடுகிறார்கள். இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் சுங்கப் பரிசோதகரின் கண்டிப்பு. இருப்பதைத் தவறவிடுவது பற்றி ஒருவருக்கும் நித்திரை கெடுவதில்லை. தவறவிட்டால் ஒன்றும் நடக்காது, "வேறுபாடு காணப்படவில்லை" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். சுறா வலையை வீசி இழுத்துவிட்டு, இந்தக் கடலில் நெத்தலி கிடையாது என்று அறிக்கை எழுதுவதை நான் தினமும் பார்க்கிறேன்.

நாலு வருடங்களுக்கு முன்பு பேராசிரியருடைய தட்டு நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போகத் தயாரானது. அதே இருபது சாமான்கள், சுங்கான் கம்பியும் சேர்த்து. கைநூலில், சுத்தியல் என்று சொல்லும் பிள்ளையைத் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி ஒரு பந்தி இருந்தது. வெளிநாடுகளில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு இது பொருந்துமா, அவர்களுடைய தாய்மொழியில் கேட்க வேண்டாமா என்று யாரோ கேள்வி எழுப்பினார்கள். பேராசிரியர் பதினான்கு பிள்ளைகளை ஆங்கிலத்திலும் பதினான்கு பிள்ளைகளைத் தாய்மொழியிலும் சோதித்தார். ஏன் பதினான்கு? படிவம் அடித்த ரோனியோத் தாள் இருபத்தெட்டுப் பிரதியோடு கிழிந்துவிட்டது.

வேறுபாடு காணப்படவில்லை.

நான் அட்டவணையைக் கொண்டுபோய்க் காட்டினேன். நடுத்தரமான ஒரு வேறுபாட்டை ஐந்தில் நாலு தடவையாவது கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு குழுவுக்கும் அறுபத்துநாலு பிள்ளைகள் வேண்டும். பதினான்கு பேரை வைத்துக்கொண்டால், வேறுபாடு உண்மையாகவே இருந்தாலும் நாலு தடவையில் மூன்று தடவை தவறவிடுவோம் என்றேன்.

"இருந்திருந்தால் தெரிந்திருக்குமே" என்றார் பேராசிரியர், மிகவும் அன்பாக.

நான் அட்டவணையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். கட்டுரையின் அடியில், கணக்குகளைச் சரிபார்த்தவர் என்று எனக்கு நன்றி சொல்லி என் பெயரை அச்சில் போட்டார்கள். நான் அதை வெட்டித் தங்கச்சிக்கு அனுப்பினேன். அவள் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.

4

கல்விக் கந்தோரின் கடிதத்தோடு அந்தக் கட்டுரையின் பிரதியும் இருந்தது. தாய்மொழியில் மீண்டும் சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே வைத்திருந்தார்கள். ரஞ்சிதம் அதை அடிவரை வாசித்தாள். அவள் எதையும் அடிவரை வாசிப்பவள். ஆசுப்பத்திரியில் மருந்துப் போத்தல் வாசித்த பழக்கம்.

"இஞ்சேருங்கோ. இதில உங்கட பேர் கிடக்கு."

"ஓம்."

"நீங்களோ கணக்குப் பாத்தனீங்கள்?"

"ஓம்."

"கணக்குச் சரியோ?"

"கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆக்கள் காணாது. பதினாலு பேரை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது எண்டு அப்பவே சொன்னனான்."

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"அவருக்கு."

"ஒருக்காவோ?"

ஒருக்கா என்றேன். அவள் குசினிக்குள் போனாள். கேத்தலை அடுப்பில் வைத்த சத்தம் கேட்டது. அவள் கோபித்துக் கத்தினால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அன்று கத்தாதது பெரிய வேதனையாக இருந்தது. பிறகு கதவடியில் வந்து நின்று, "விருந்தாளி வாற நேரமெல்லாம் அந்தச் சுத்தியல் கதையைச் சொல்லிச் சிரிப்பு மூட்டுவியள். பிள்ளை மூலையில இருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தவள்?" என்றாள்.

அந்தக் கணம் வரை எனக்கு அது உறைக்கவில்லை. மாதங்கி சுத்தியலைக் கண்டது தட்டில் இல்லை, எங்கள் வீட்டு முன்னறையில்.

மறுநாள் பேராசிரியரிடம் போனேன். சுத்தியல் பந்தியைக் கைநூலில் இருந்து எடுக்கும்படி ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேட்டேன். பாதையில் நடந்ததையும் கிளிவெட்டிக்காரர் சொன்னதையும் முதல் தடவையாக முழுவதும் மொழிபெயர்த்தேன். அவர் சுங்கானைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார்.

"உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பாருங்கள், இது ஒரு பிள்ளை. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தக் கட்டிடத்தில் இல்லை."

பத்து வருடத்தில் அவர் என் பாடத்தைக் கேட்டு நடந்த ஒரேயொரு தடவை அதுதான்.

5

ஆட்சேபனைப் படிவம் நாலு பக்கம். பிள்ளையின் தகப்பனுடைய தாய் பிறந்த இடம் கேட்டிருந்தார்கள், அதற்கு அரைப்பக்கம். ஆட்சேபனைக்கான காரணத்துக்கு இரண்டு வரி. கடைசிப் பக்கத்தில், "விண்ணப்பிப்பவர்: பெற்றோர் / நிபுணர். பொருந்தாததை வெட்டவும்" என்று இருந்தது.

பேனாவைப் பிடித்தபடி கனநேரம் யோசித்தேன். பெற்றோரை வெட்டினால் நிபுணராகப் பேசலாம், ஆனால் மாதங்கி என் பிள்ளை இல்லையென்று ஆகிவிடும். இரண்டையும் விட்டு அனுப்பினேன். ஒன்றை வெட்டும்படி படிவம் திரும்பி வந்தது. நிபுணரை வெட்டினேன்.

அதோடு தங்கச்சிக்கும் ஒரு வான்கடிதம் எழுதினேன். கிண்ணியாவுக்குப் போய் ஹனீபா காக்காவைக் கண்டு, அன்று பாதையில் சுத்தியல் எப்படி வந்தது என்பதை அவருடைய கையால் எழுதி வாங்கி அனுப்பச் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் கல்வி அதிகாரியான ஒரு அம்மா, அவருக்குப் பக்கத்தில் மாதங்கியைச் சோதித்த இளம் உளவியலாளர். இந்தப் பக்கம் நானும் ரஞ்சிதமும். நான் கையோடு அட்டவணைப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். பதினான்கு பிள்ளைகளின் கதையைச் சொன்னேன்.

"அப்படியானால் மொழியால் வேறுபாடு இருக்கிறது என்கிறீர்களா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை. இருக்கிறதா இல்லையா என்று அந்த ஆராய்ச்சியால் சொல்ல முடியாது என்கிறேன்."

"எங்களுக்கு இருக்கிறது அல்லது இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான் உண்டு. தெரியாது என்பதை எங்கே எழுதுவது?" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டார்.

கிளிவெட்டி இருபது பேரையும் ஒருவராகத்தான் எண்ண வேண்டும் என்றேன். ஒரே ஆள் சொன்னதை இருபது வாய்கள் சொல்லியிருக்கின்றன, இருபது பேரைத் தனித்தனியாகக் கேட்டதாக ஆகாது என்றேன்.

"இதற்குச் சாட்சி?"

"நான்."

"நீங்கள் ஒருவர்தானே" என்றார் அம்மா, பேராசிரியர் சொன்ன அதே அன்போடு.

உளவியலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ரஞ்சிதத்தின் கை என் முழங்கையைப் பிடித்து இறுக்கியது. மாதங்கி கூடை முடைந்துகொண்டிருப்பது என் கண்ணில் தெரிந்தது. அப்போதுதான் கைப்பையில் இருந்த கிண்ணியாக் கடிதத்தை எடுத்தேன். அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. வரி வரியாக மொழிபெயர்த்து வாசித்தேன்:

"தம்பி அவர்களுக்கு, ஹனீபா எழுதுவது. அந்தச் சுத்தியல் பாதையில ஆணி அடிச்ச சுத்தியல்தான். நான் மறதியில சொன்னது. துரைட தட்டில அப்பிடி ஒரு சாமான் இருக்கேல்ல. உங்கட புள்ளைக்கு இதால கரைச்சல் எண்டு கேட்டு எங்க எல்லாருக்கும் மனசு சரியில்ல. நாங்க எல்லாரும் கூடிக் கதைச்சுத்தான் இத எழுதுறம். அந்தச் சுத்தியல் இப்பயும் தோணிக்காரன்ட மகன்ட வீட்டில கிடக்கு. வேணுமெண்டா பார்சல்ல அனுப்புறம்."

அதன் கீழே கையெழுத்துகள். கிண்ணியாக்காரர், பாதைத் துறையில் கடை வைத்திருப்பவர்கள், கிளிவெட்டியில் இருந்து நெல்லோடு வந்து நின்ற சிலர், அன்று பிறந்தேயிராத இரண்டு பேர், கடைசியில் என் தங்கச்சி.

அம்மா கடிதத்தை வாங்கிக் கையெழுத்துகளைப் பேனா முனையால் எண்ணினார்.

"இருபத்துமூன்று சாட்சிகள்" என்றார். குரல் மாறியிருந்தது. "இருபத்துமூன்று பேர், ஒருவர் தவறாமல், ஒரே விசயத்தைச் சொல்கிறார்கள். இது பாரதூரமான விசயம்."

இளம் உளவியலாளரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நிபுணர் என்றால் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். அம்மா, இருபத்துமூன்று இல்லை, இதுவும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். நிபுணரை நான் என் கையாலேயே வெட்டியிருந்தேன். ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

சுத்தியலைக் கணக்கில் எடுக்காமல் மாதங்கியின் பதினாறு புள்ளியை மாத்திரம் எடுப்பதென்றும், அவள் இருக்கும் பள்ளிக்கூடத்திலேயே இருக்கலாம் என்றும் முடிவு எழுதினார்கள். வெளியே வந்ததும் ரஞ்சிதம் வீதியில் நின்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

6

பேராசிரியருக்கு விசயம் போனது. அவர் கோபிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை என் மேசை கீழ்த்தளத்தில் எலிப் பிரிவுக்கு மாறியிருந்தது. எலிகள் பாதை கண்டுபிடித்து ஓடுவதை இப்போது எண்ணுகிறேன். எலிகளோடு வேலை செய்வது சுகம். ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்வதில்லை, இருபது என்றால் இருபதுதான். மற்றத் தட்டுகள் நாடு முழுக்க அப்படியே இருக்கின்றன, கைநூலில் சுத்தியல் பந்தியும் இருக்கிறது. எங்கள் தீர்ப்பு எங்கள் பிள்ளைக்கு மாத்திரம்தான்.

முடிவு வந்த அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் மாதங்கியிடம் கேட்டேன். அவள் இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள். மாமாவுக்கும் மச்சானுக்கும் வித்தியாசம் தெரியாது. புட்டைக் கண்டால் முகத்தைச் சுளிப்பாள்.

"தட்டில சுத்தியல் இருந்ததோ, பிள்ளை?"

தலையை ஆட்டினாள். இல்லை.

"இல்லையெண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகு ஏன் சொன்னனீ?"

கரண்டியைக் கீழே வைத்தாள். யோசித்து, சொல் சொல்லாகப் பொறுக்கி, அந்த வருடம் அவள் பேசியதிலேயே நீளமான தமிழைப் பேசினாள்.

"எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே சொன்னவை, அப்பா. நான் மட்டும் இல்லை எண்டு சொன்னா, அவை எல்லாரும் பொய் எண்டு வருமெல்லோ?"

கிளிவெட்டியை அவள் கண்டதில்லை. அந்த இருபது பேரில் ஒருவருடைய பெயரும் அவளுக்குத் தெரியாது. மூன்று தடவை கேட்டும் அவர்களை விட்டுக்கொடுக்காமல் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை தனியாக அந்த அறையில் இருந்திருக்கிறாள்.

"அப்பா, எல்லாரும் சுத்தியல் எண்டு சொல்லேக்க நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ஏன்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இவ்வளவையும் எழுதினேன். ஆனால் அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஊரில் யாராவது இதை வாசித்தால், கூடிக் கதைத்து, நான் அவளுக்கு என்ன சொல்லலாம் என்று எழுதி அனுப்புங்கள். எத்தனை பேர் கையெழுத்து வைத்தாலும் ஒன்றென்று எண்ண மாட்டேன்.